போனில் பாதி, பக்கத்தில் பாதி

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பயிற்றுநர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்த தலைப்பு 'கலப்பு முறைப் பயிற்சி'. பெயரைக் கேட்டதும் பின்வரிசையில் ஒரு அக்கா, "கலப்படமா?"ன்னு கேட்டாங்க. கலப்படம் இல்லக்கா. கொஞ்சத்தைச் செல்போனில் பார்த்துக் கேட்டுக் கற்றுக்கொள்வது, மீதியை ஒரே இடத்தில் கூடிக் கையால் செய்து கற்றுக்கொள்வது. 2020-இல் கொரோனா வந்தபோது நம்ம பயிற்சி எல்லாம் போனுக்குள்ளே போச்சு. அப்புறம் பாதி வெளியே வந்தது, பாதி அங்கேயே தங்கிவிட்டது. எந்தப் பாதி எங்கே இருக்கணும்னு நம்மை யாரும் கேட்கவில்லை. அதைப் பேசத்தான் வந்தேன்.

கடலை மிட்டாய் போடுகிற குழுவை எடுத்துக்கொள்வோம். லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும்? பொருளின் பெயர், என்ன சேர்ந்திருக்கிறது, நிகர எடை, தயாரித்த தேதி, எதுவரை சாப்பிடலாம், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண். இதைத் தெரிந்துகொள்ள ஒரு நாள் கூலியை விட்டுட்டுக் கடலூருக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை. நாலு நிமிட வீடியோ போதும். மறந்தால் திரும்பப் போட்டுப் பார்க்கலாம். வகுப்பில் ஒரே சந்தேகத்தை மூணாவது தடவை கேட்க நமக்குக் கூச்சம். போனுக்குக் கோபம் வராது.

ஆனால் பாகு பதம்? ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டித் தட்டில் போட்டால் 'டங்'குன்னு சத்தம் வரணும். வீடியோவிலும் அந்தச் சத்தம் கேட்கும். ஆனா நம்ம அடுப்புல, நம்ம வெல்லத்துல, ஐப்பசி மழை ஈரத்துல அது எந்த நிமிஷம் வரும்னு வீடியோவுக்குத் தெரியாது. முந்தி இறக்கினால் மிட்டாய் பிசுபிசுவென்று ஒட்டும். பிந்தினால் பாகு கருகிக் கசக்கும். பக்கத்தில் தெரிந்தவர் ஒருத்தர் நின்று "இப்ப இறக்குடி"ன்னு சொல்லணும். ரெண்டு தடவை அவங்க சொன்னா, மூணாவது தடவை நம்ம கை தானாப் போகும்.

கணக்கு எழுதுவது இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறது. ரொக்கப் புத்தகத்தில் எந்தப் பத்தியில் எதை எழுதுவது என்று வீடியோ காட்டிவிடும். ஆனால் மாசக் கடைசியில் நாற்பது ரூபாய் இடிக்குது, எங்கே விட்டோம்னு தெரியல. அதை நம்ம நோட்டை விரித்து வைத்து, இன்னொரு குழுவின் கணக்காளரோடு உட்கார்ந்துதான் தேட முடியும். அதனால் வீடியோவை முதலில் அனுப்ப வேண்டும். எல்லாரும் பார்த்துவிட்டு, சந்தேகத்தோடும் நோட்டோடும் வகுப்புக்கு வரவேண்டும். வகுப்பில் மறுபடி அதே வீடியோவைத் திரையில் ஓட்டுகிறார்கள் பாருங்கள், அதைப் போல வீண் வேலை வேறில்லை.

தமிழ்நாட்டுக்கு இது புதுசும் இல்லை. தேனி மாவட்டத்தில் 'விடியல்' என்ற தொண்டு நிறுவனமும், கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'காமன்வெல்த் ஆஃப் லேர்னிங்' அமைப்பும் சேர்ந்து, நம் கைக்கு ஸ்மார்ட்போன் வருவதற்கு முன்பே இதைச் செய்துகாட்டின. சுயஉதவிக் குழுப் பெண்கள் சுமார் 300 பேர் வங்கிக் கடனில் ஆடு வாங்கினார்கள். அந்தக் கடனிலேயே ஒரு செல்போனும் சேர்ந்து வந்தது. ஆடு வளர்ப்புப் பாடங்கள் சின்னச் சின்னக் குரல் செய்திகளாக அந்தப் போனுக்கு வரும். குரல் என்பதால் எழுதப் படிக்கத் தடுமாறுகிறவர்களும் விட்டுப்போகவில்லை. ஆட்டை மேய்த்துக்கொண்டே கேட்டார்கள், பிறகு குழுவில் கூடிப் பேசினார்கள்.

எனக்கு இதில் பெரிசாகப் படுவது அந்தக் கடனில் வந்த போன்தான். ஆடு அவள் பேரில், போனும் அவள் பேரில். நம்ம வீடுகளில் எப்படி? ஸ்மார்ட்போன் ஒண்ணு இருக்கும், அது காலேஜ் போகிற பையனிடம் இருக்கும். இல்லையென்றால், வீட்டுக்காரர் ரெண்டாம் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தப்புறம்தான் நம்ம கைக்கு வரும். பாத்திரம் கழுவி முடித்து, பதினோரு மணிக்கு வீடியோவைப் போட்டால் தூக்கம்தான் வரும். ஒரு பயிற்சியில், எதுன்னு சொல்ல வேண்டாம், வீடியோ ஓடி முடிஞ்சாச் சான்றிதழ் வந்துடும். ஒரு தங்கச்சி போனை அரிசி டப்பா மேல ஓடவிட்டுட்டு மாவு அரைச்சா. சான்றிதழும் வந்தது, மாவும் அரைஞ்சது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் வேறென்ன செய்வாள்?

2010-இல் அமெரிக்கக் கல்வித் துறை பல ஆய்வுகளைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நேரடி வகுப்பு மட்டும் நடத்துவதைவிட, ரெண்டையும் கலந்து நடத்தியபோது கற்றல் கொஞ்சம் மேலாக இருந்தது என்று அதில் இருக்கிறது. இதைப் பல பேர் மேடையில் சொல்வார்கள். அதே அறிக்கை, கலந்து படித்தவர்களுக்குப் பெரும்பாலும் கூடுதல் நேரமும் கூடுதல் பாடமும் கிடைத்திருந்தது என்றும் சொல்கிறது. அதை யாரும் சொல்வதில்லை. கூடுதல் நேரம் என்றால் யாருடைய நேரம்? பயிற்சியில் போனைச் சேர்த்ததும் செலவு குறைந்தது என்கிறார்கள். பாதி செலவு நம்ம ராத்திரிக்கும் நம்ம டேட்டாவுக்கும் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு நம்ம ஊர்ச் சுரங்கத்தையே பாருங்கள். 1966-இல் வந்த சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி, புதிதாகச் சேர்பவர் பயிற்சி முடிக்காமல் சுரங்க வேலையில் இறங்க முடியாது. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புத்தாக்கப் பயிற்சி. பயிற்சி நாளுக்கும் சம்பளம் உண்டு. பயிற்சியும் வேலைதான் என்று அங்கே ஏற்றுக்கொண்டார்கள். மிட்டாய் போடுகிற, துணி தைக்கிற, கேன்டீனில் சமைக்கிற பெண்ணுக்கு மட்டும் பயிற்சி எப்படி ஓய்வு நேரத்து வேலையாகும்?

அதனால் அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவரும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். பயிற்சி தர யார் வந்தாலும், வீடியோ பார்க்கும் நேரத்தையும் பயிற்சி நேரமாகக் கணக்கிட்டு, நேரடி வகுப்புக்குத் தரும் படியை அதற்கும் தரவேண்டும் என்று கேட்போம். செய்முறை நாளைக் குறைக்கிற பயிற்சிக்குக் கையெழுத்துப் போட வேண்டாம். போன் இல்லாதவர்களுக்காகக் கூட்டமைப்பு அலுவலகத்தில் வாரம் ரெண்டு மதியம், பொதுப்பணத்தில் வாங்கிய ஒரு டேப்லெட்டை வைத்து நாலைந்து பேராக உட்கார்ந்து பார்க்கலாம். பார்க்கும்போதே "இது நம்ம அடுப்புக்கு ஒத்து வராதே"ன்னு ஒருத்தி சொல்வாள், அங்கேயே பாதி வகுப்பு நடந்துவிடும்.

டேப்லெட் வாங்கச் சந்தாவில் எவ்வளவு எடுக்கலாம் என்று பொருளாளர் அக்கா இப்போது சொல்வாங்க. மைக்கை அவங்களிடம் கொடுக்கிறேன்.