மந்தர ஒலியும் மாணவர் செவியும்

மட்டக்களப்பு வாவியில் முழுநிலாக் கால இரவுகளில் தோணியேறிச் செல்வோர் செய்யும் செயல் ஒன்று உண்டு. கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்துவர். துடுப்பின் ஒரு நுனியை நீருள் ஆழ்த்துவர். மறு நுனியைக் காதோடு ஒட்டவைத்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு காத்திருப்பர். சற்று நேரத்தில் நீரின் அடியிலிருந்து மெல்லிய நாதம் ஒன்று துடுப்பின் வழியே ஏறிவந்து செவியைத் தொடும். மீன்பாடும் தேனாடு என்று இந்நாடு பெயர் பெற்றது இந்த நாதத்தினாலேயே ஆகும்.

ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் என்னும் ஆங்கில அதிகாரி 1848 ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கு வந்து இவ்வொலியைக் கேட்டார். இலங்கையைப் பற்றி அவர் எழுதி 1859 இல் வெளிவந்த நூலில் அதனை விரித்துரைத்துள்ளார். அது நீண்டு ஒலிக்கும் ஒரே சுரம் அன்று; உச்ச ஒலியும் மந்தர ஒலியும் கலந்த பல சிற்றொலிகளின் கூட்டம் என்பது அவர் கண்ட முடிவு. தோணியின் மரத்தில் காதைப் பதித்தபோது ஓசை பெரிதும் மிகுந்ததென்றும் அவர் குறித்தார். பிற்காலத்தில் லாங் அடிகளார் என்ற அமெரிக்க இயேசு சபைத் துறவி அவ்வொலியைப் பதிவுசெய்ய, அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது.

மரத்தில் காதை வைத்தால் ஓசை மிகுவது ஏன்? நீரில் பிறந்த ஒலி காற்றுக்குள் எளிதிற் புகுவதில்லை. நீரும் காற்றும் சந்திக்கும் பரப்பிலே அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்களவே மேலேறும். எஞ்சியதெல்லாம் நீருக்கே திரும்பிவிடும். துடுப்போ இடையில் இருக்கும் அந்தத் தடையைக் கடக்க வழிசெய்கிறது. ஒலிக்கும் செவிக்கும் நடுவே இடைவெளி இல்லாதிருக்க வேண்டும் என்னும் பாடத்தை நம் மீனவர் எந்தப் பௌதிக நூலையும் படியாமலே அறிந்திருந்தனர்.

இன்று அதே வாவிக்கரையில் மாலை வேளைகளில் அமர்ந்திருக்கும் இளைஞர் பலரின் காதுகளில் துடுப்புக்குப் பதிலாக வேறொரு கருவி இருக்கிறது. செவித்துளைக்குள்ளேயே பொருந்தும் சிறு இயர்போன் அது. அவர்களிற் சிலர் கேட்பது ஹெவி மெட்டல் எனப்படும் மேனாட்டு இசை. இடிபோல் முழங்கும் டிரம், கனத்த கிற்றார், அவற்றுக்கும் கீழே அதிரும் மந்தர ஒலி. இளைஞர் 'பேஸ்' என்று சொல்வது இந்த மந்தர ஒலியையே. அது நிறையக் கிடைக்க வேண்டும். அதே வேளையில் காதைக் குத்தாத வழுவழுப்பான ஓசையும் வேண்டும். அத்தகைய இயர்போனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதே அவர்கள் ஒருவரையொருவர் கேட்கும் கேள்வி.

இது இளைஞரின் வீண் ஆரவாரம் என்று பெரியோர் தள்ளிவிடுதல் முறையன்று. அந்த இசையின் வரலாற்றிலே ஒரு தொழிலாளியின் துயரம் இருக்கிறது. இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த ரோனி அயோமி என்னும் பதினேழு வயது இளைஞர், இயந்திரத்தில் அகப்பட்டு வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். அவரோ இடக்கைப் பழக்கத்தினர். நரம்பை அழுத்த வேண்டிய கை அதுவே. அவர் பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுறைகள் செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் கிற்றார் பயின்றார். பின்னர் விரலுக்கு இதமாயிருக்க நரம்புகளைத் தளர்த்தினார். நரம்பு தளர்ந்தால் சுருதி இறங்கும். 1970 இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பிளக் சபத் குழு, 1971 இல் வெளியிட்ட மூன்றாவது தட்டில் இவ்வாறு இறங்கிய சுருதியிலே முழங்கிற்று. ஹெவி மெட்டலின் கனத்த குரலுக்கு அது ஒரு வழிகாட்டியாயிற்று.

மேலும், மந்தர ஒலியின் சுவை மட்டக்களப்பாருக்குப் புதியதும் அன்று. வட்டக்களரியில் வடமோடிக் கூத்து நடக்கும் இரவை நினைத்துப் பார்க்கலாம். அண்ணாவியாரின் மத்தளத்தில் இடப்புறத்துத் தொப்பி எழுப்பும் கனத்த ஓசை நெஞ்சிலே மோதுகிறது. வலந்தலை கணீரென்று பதில் சொல்கிறது. சல்லரி மேலே கலகலக்கிறது. ஆடுவோர் காற்சதங்கை அதனோடு சேர்கிறது. டிரம்மும் சிம்பலும் சேர்ந்த மெட்டல் இசையில் உள்ள அமைப்பும் ஏறத்தாழ இதுவே. தொப்பியின் ஓசை மங்கினால் கூத்துக்கு உயிரில்லை. சல்லரி மிஞ்சினால் பாட்டு விளங்காது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்கும் அளவைத்தான் இயர்போனிலும் தேட வேண்டும்.

இனிக் கருவியின் இயல்பைப் பார்ப்போம். மனிதச் செவி நொடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரையுள்ள ஒலிகளைக் கேட்கவல்லது. பேஸ் கிற்றாரின் அடி நரம்பு நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிரும். ஐந்து நரம்புடையதில் 31 வரை இறங்கும். இத்துணை மெதுவான அதிர்வைச் செவிக்கு ஊட்ட வேண்டுமானால், இயர்போனும் செவித்துளையும் இடைவெளியின்றிப் பொருந்தியிருத்தல் வேண்டும். சிறு கசிவு இருந்தாலும் மந்தர ஒலி அதன் வழியே ஓடிவிடும். மேலொலி மட்டும் எஞ்சிக் கீச்சிடும். துடுப்புச் சொன்ன பாடம் இதுதான்.

ஆகவே, 'பேஸ் இல்லை' என்று குறைகூறப்படும் இயர்போன்களிற் பல உண்மையில் குறையுடையன அல்ல. அவற்றின் நுனியிலுள்ள இறப்பர் உறை அவரவர் காதுக்குப் பொருந்தாததே காரணம். பெட்டியோடு வரும் சிறிய, நடுத்தர, பெரிய உறைகள் மூன்றையும் மாற்றி மாற்றி அணிந்து பார்த்தல் வேண்டும். வலக்காதும் இடக்காதும் ஒரே அளவாயிருக்கும் என்ற நியதியும் இல்லை. சரியாகப் பொருந்தியதும் வெளியோசை குறையும். மந்தர ஒலி தானே நிறையும். இதற்குச் செலவு ஏதுமில்லை.

அடுத்துக் கவனிக்க வேண்டியது ஒலியெழுப்பும் பொறி. காந்தமும் கம்பிச்சுருளும் மெல்லிய சவ்வும் கொண்டது ஒருவகை. காது கேளாதோர் கருவியிலிருந்து வந்த மிகச் சிறிய உலோக நா உடையது மற்றொரு வகை. முதல்வகை காற்றை நன்கு தள்ளுவதால் மந்தர ஒலிக்கு எளிதில் இசையும். பின்னது நுண்ணிய விவரங்களுக்குப் பெயர்பெற்றது. இரண்டையும் ஒன்றாய்ச் சேர்த்துச் செய்வாரும் உளர். ஆயினும் பொறிகளின் எண்ணிக்கையைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. பத்துப் பேர் பாடும் பஜனையைவிட ஒருவர் பாடும் பாட்டு இனிதாயிருக்கக்கூடும் அன்றோ? பெட்டியில் '20 முதல் 20,000 வரை' என்று அச்சிட்டிருப்பதும் பெரிதாக எதையும் உணர்த்தாது. அந்த எல்லைக்குள் எந்த ஒலி மிகுந்துள்ளது, எது குறைந்துள்ளது என்பதை அது சொல்வதில்லை.

அதைச் சொல்வது ஒலியளவு வரைபடம். மலைத்தொடரின் விளிம்புபோல் தோன்றும் அக்கோட்டை மூன்று இடங்களில் நோக்கினால் போதும். நொடிக்கு 100 அதிர்வுக்குக் கீழே கோடு மிதமாக உயர்ந்திருக்குமானால் டிரம்மின் அடியும் பேஸ் கிற்றாரும் நிறைவாக ஒலிக்கும். 200 முதல் 400 வரையுள்ள பகுதியிலும் அது வீங்கியிருக்குமானால் கிற்றாரும் குரலும் சேற்றில் புதைந்ததுபோல் மங்கும். கீழொலி தனக்கு மேலுள்ள ஒலியை மறைக்கும் இயல்புடையது. 5,000 முதல் 10,000 வரை கூரிய முட்கள் எழுந்திருக்குமானால் சிம்பல் ஒலி ஊசியாய்க் குத்தும். அம்முட்கள் இல்லாமையே வழுவழுப்பு எனப்படுவது.

வரைபடம் கிடைக்காதவர் காதினாலேயே சோதிக்கலாம். மெட்டல் இசையில் இரு கால்களாலும் டிரம்மை அடிக்கும் பகுதிகள் உண்டு. நிமிடத்துக்கு 200 தாளமும், தாளத்துக்கு நான்கு அடியும் எனக் கொண்டால், நொடிக்குப் பதின்மூன்று அடிகள் விழும். நல்ல இயர்போனில் அவை தனித்தனியே எண்ணத்தக்கனவாய்க் கேட்கும். தரங்குறைந்ததில் ஒரே உறுமலாய்க் கலந்துவிடும். தாம் நன்கு அறிந்த பாட்டொன்றை முழுதும் கேட்டு, முடிவில் காது களைத்ததா என்று பார்த்தலும் தக்க சோதனையே. முதற் கணத்தில் திடுக்கிடச் செய்யும் ஓசை பெரும்பாலும் அரைமணி நேரத்தில் சலித்துப்போகும்.

இத்தனையும் சுவை பற்றியன. இவற்றினும் பெரியது ஒன்று உண்டு. மேடைக் கலைஞருக்கெனச் செவிக்குள் பொருந்தும் இயர்போன் ஒன்று உருவான கதையே அதனைச் சொல்லும். வான் ஹேலன் என்னும் ரொக் குழுவில் டிரம் வாசித்த அலெக்ஸ் வான் ஹேலன், மேடையின் பேரிரைச்சலில் குழுவினரின் வாசிப்பைக் கேட்கப் பெரிதும் இடர்ப்பட்டார். அவருக்காக 1995 ஆம் ஆண்டளவில் ஒலிப் பொறியாளர் ஜெரி ஹார்வி செவிக்குள் பொருந்தும் கருவியைச் செய்தார். வெளி இரைச்சலை அடைத்துவிட்டால் உள்ளே மெல்லிய ஓசை போதும் என்பதே அதன் கருத்து. செவியைக் காக்க உதவவேண்டிய அக்கருவியை இன்று செவியைக் கெடுக்கவும் பயன்படுத்துகிறோம் என்பது வருந்தத்தக்கது.

உலக சுகாதார நிறுவனம் கூறும் கணக்கு இது: 80 டெசிபெல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபெல் ஆயின் நான்கு மணி நேரமே. 100 டெசிபெல் ஆயின் ஏறத்தாழ இருபது நிமிடம். பாதுகாப்பற்ற முறையில் கேட்பதனால் உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்ட இளையோர் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்றும் அந்நிறுவனம் எச்சரிக்கிறது. உட்செவியில் உள்ள மயிர்க்கலங்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. பயிர் பட்டுப்போனால் அடுத்த போகத்தில் விதைக்கலாம். இதற்கு அடுத்த போகம் இல்லை.

இந்தக் கேடு ஓசைப்படாமல் வருவது. முதலில் பாதிக்கப்படுவது 3,000 முதல் 6,000 வரையுள்ள மேலொலிப் பகுதி. மந்தர ஒலி முன்போலவே கேட்பதால் இளைஞன் எதையும் உணர்வதில்லை. ஆனால் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் மெல்ல மெல்ல மங்குகின்றன. வகுப்பறையின் பின்வாங்கிலில் இருப்பவனுக்கு ஆசிரியர் சொன்ன சொல்லின் பாதி கேட்கிறது, பாதியை ஊகித்துக்கொள்கிறான். கவனமற்றவன் என்று அவனுக்குப் பெயர் வருகிறது. வீட்டில் தாய் அழைத்தது கேளாமல் இருக்கிறான். செருக்குடையவன் என்று அங்கும் பெயர் வருகிறது. இரவில் காதுக்குள் ஓயாத இரைச்சல் கேட்கத் தொடங்கும் நாளிலேதான் உண்மை புலப்படுகிறது.

இங்கேதான் நல்ல இயர்போனைத் தேர்தல் ஆடம்பரமாக அன்றி அறிவுடைமையாக அமைகிறது. ஓசை தாழத் தாழ, நம் செவி மந்தர ஒலியை மேலும் மேலும் குறைவாக உணர்கிறது. பிளெச்சர், மன்சன் என்னும் அறிஞர் இருவர் 1933 இல் இதனை அளந்து காட்டினர். ஆகவே பேஸ் குறைந்த கருவியை அணிந்தவன், அதனைப் பெறும் பொருட்டு ஓசை முழுவதையும் உயர்த்துகிறான். பஸ் வண்டியின் இரைச்சல் உள்ளே புகுந்தால் இன்னும் உயர்த்துகிறான். நன்கு பொருந்தி, மந்தர ஒலி இயல்பாகவே நிறைந்த கருவியை அணிந்தவனுக்கோ தாழ்ந்த அளவிலேயே மனம் நிறைகிறது. சுவைக்கு நல்லதும் செவிக்கு நல்லதும் இவ்விடத்தில் ஒன்றாகின்றன. கருவியின் உச்ச அளவில் நூற்றுக்கு 60 பங்கைத் தாண்டாதிருத்தலும், இடையிடையே காதுக்கு ஓய்வு கொடுத்தலும் எளிய விதிகள். வெளியோசையை அடைக்கும் கருவியோடு சைக்கிள் ஓட்டுதலும், வீதியையோ ரயில் பாதையையோ கடத்தலும் ஆகா.

வாவிக்கரை வாழ்வோர் அறியவேண்டிய சிறு குறிப்பும் உண்டு. உப்புக்காற்றும் வியர்வையும் உலோகத்தை அரிக்கும். பயன்படுத்தியபின் உலர்ந்த துணியால் துடைத்து மூடிய சிமிழில் வைத்தலும், உறைகளைக் கழற்றிக் கழுவி உலர்த்தலும் நன்று. கம்பியைத் தனியே மாற்றத்தக்க கருவி நெடுநாள் உழைக்கும்.

இசையின் கணக்கை ஆராய்ந்து யாழ்நூல் தந்த விபுலானந்த அடிகளார் பிறந்தது இந்தக் கிழக்குக் கரையில்; அவருடைய சமாதி இருப்பது இந்தக் கல்லடியில். எந்த இசையாயினும் அதனை ஆராய்ந்து கேட்பதே அத்தகைய பெரியார் வாழ்ந்த மண்ணுக்கு ஏற்றது. தம் பிள்ளை மெட்டல் கேட்கிறான் என்று தந்தை சினக்க வேண்டியதில்லை. ஒருநாள் அவனருகில் அமர்ந்து, 'தம்பி, அதைக் கொஞ்சம் இங்கே தா, நானும் கேட்கிறேன்' என்று வாங்கிக் கேட்கட்டும். ஓசை மிகுந்திருந்தால் அப்பொழுதே தெரிந்துவிடும். குறைக்கச் சொல்லும் சொல்லுக்கும் மதிப்பு இருக்கும். பின்னொரு நிலா இரவில் அவனைத் தோணியில் ஏற்றிச் சென்று துடுப்பை நீரில் இறக்கட்டும். அந்த நாதத்தை உயர்த்தித் தரும் பொத்தான் ஏதும் துடுப்பில் இல்லை. அதைக் கேட்பதற்கு வேண்டியவை அமைதியும் பழுதுபடாத செவியுமே.