குழந்தைச் சட்டையில் கயிறு எதற்கு?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வீட்டில் நடக்கும் விபத்துகளைப் பற்றிப் பேசச் சொன்னார் செயலாளர். இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் ‘கவனமாக இருங்கள்’ என்று சொல்லி முடித்துவிடுவார்கள். எந்நேரமும் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்க யாராலும் முடியாது. பொருளைச் சரியாகச் செய்துவிடலாம். நான் பொருளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நம் ஊர்ச் சரக்கிலிருந்தே தொடங்குகிறேன். உங்களில் பாதிப் பேர் பனியன் கம்பெனியோடு தொடர்புள்ளவர்கள். அமெரிக்க ஆர்டரில் குழந்தைகள் ஹூடி தைத்தால் தலைமூடியில் கயிறு இருக்காது. செக்கிங்கில் இருந்தவர்களைக் கேட்டால், பையர் ஒத்துக்கொள்ளமாட்டார் என்பார்கள். ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

அங்கே 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஒன்று ஏற்பட்டது. சுமார் நூறு மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலிருந்து, எந்தப் பொருளால் காயம் என்ற விவரத்தை அது வாங்குகிறது. இறப்புச் செய்திகளையும் தனியாகத் திரட்டுகிறது. அப்படிச் சேர்த்ததில் ஒன்று திரும்பத் திரும்ப வந்தது. சறுக்குமரத்தின் உச்சியில் உள்ள இடுக்கில் கழுத்துக் கயிறு மாட்டிக்கொள்கிறது, குழந்தை மட்டும் கீழே சறுக்குகிறது. இடுப்புக் கயிறு பள்ளிப் பேருந்தின் கதவில் சிக்குகிறது. 1985 முதல் 2011 வரை வந்த தகவல்களில் 26 குழந்தைகள் இறந்திருக்கிறார்கள்.

1996-ல் ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. மறுவருடம் அது தொழில்துறையின் தரநிலையானது. 12 சைஸ் வரை தலைமூடியிலும் கழுத்திலும் கயிறே கூடாது. 16 சைஸ் வரை இடுப்புக் கயிறு 3 அங்குலத்துக்கு மேல் வெளியே தொங்கக் கூடாது, நுனியில் முடிச்சும் கூடாது. அதன் பிறகு தலைமூடிக் கயிற்றால் நேர்ந்த இறப்புகள் 75 சதவீதம் குறைந்தன. அமெரிக்கத் தாய்மார்கள் திடீரென்று கவனமாகிவிட்டதால் அல்ல, சட்டையில் கயிறு இல்லாததால். ஐரோப்பாவிலும் 7 வயதுக்குக் கீழே இதே கட்டுப்பாடு உண்டு.

போன மார்கழியில் பேத்திக்கு ஒரு ஹூடி வாங்கக் காதர்பேட்டைப் பக்கம் போனேன். நான் எடுத்துப் பார்த்த பீஸ்களில் பெரும்பாலானவற்றில் கயிறு, நுனியில் மணி வேறு. கேட்டால், “கயிறு இருந்தாத்தானுங்க ஹூடி மாதிரி இருக்கும்” என்கிறார் கடைக்காரர். தைத்தது நம் ஊர் டெய்லர்தான்.

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்லவில்லை. பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பிரஷர் குக்கருக்கும் கட்டாயம், அதன் தரநிலை ஐ.எஸ். 2347. முத்திரை இல்லாத 2,265 குக்கர்கள் தன் தளத்தில் விற்கப்பட்டதற்காக 2022 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. குக்கர்களைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தரவும் உத்தரவிட்டது. கணக்கு எழுதியே பழகிய கை, வகுத்துப் பார்த்தேன். குக்கருக்கு 44 ரூபாய் வருகிறது. அந்த விற்பனையில் அவர்கள் பெற்ற கமிஷன் 6 லட்சத்துக்கும் மேல்! ஆனாலும் உத்தரவு வந்ததே, அது நல்லதுதான்.

நம் வீட்டில் குக்கர் வெடித்தால் என்ன செய்கிறோம்? தையல் போட்டுக்கொண்டு, புதுக் குக்கர் வாங்கி, பழையதை எடைக்குப் போட்டுவிடுகிறோம். எந்தக் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

அதனால் சங்க அலுவலகத்தில் ஒரு பேரேடு வைக்கலாம் என்கிறேன். தேதி, அடிபட்டவர் வயது, காயம், பொருள், கம்பெனி, முத்திரை எண், வாங்கிய இடம். பெயர் வேண்டாம். முத்திரைக்குக் கீழே உள்ள சி.எம்./எல். எண்ணை ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் போட்டால் உரிமம் உண்மையா என்று காட்டும். போலி என்றால் அதிலேயே புகார் செய்யலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. செயலி வராதவர்கள் என்னிடம் கொண்டு வாருங்கள், மாலை 5 மணிக்கு மேல் சும்மாதான் இருக்கிறேன்.

நம் பூங்கா சறுக்குமரத்தின் மேல்முனையிலும் ஓர் இடுக்கு உண்டு. வெல்டிங் வைத்து அடைத்துவிடுவதாகச் செயலாளர் சொல்லியிருக்கிறார். நீங்கள் இன்று இரவே பிள்ளைகளின் ஹூடிகளை எடுத்துக் கயிற்றை உருவிவிடுங்கள். உருவ வராவிட்டால் நடுவில் ஒரு தையல் பிடித்திருக்கும், அதைப் பிரித்தால் வந்துவிடும்.