எழுத்துக்கு நிலையான இல்லம்
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நமது பள்ளிவாசலின் வரலாறு, ஆண்டறிக்கைகள், ஜும்ஆ உரைகள் ஆகியவற்றை இணையத்தில் வெளியிட வேண்டும் என்று இளைஞர்கள் விரும்புகின்றனர். வரவேற்கத்தக்க விருப்பம். ஆனால் எந்த இடத்தில் வெளியிடுவது என்று கேட்டால், "எது இலவசமோ, எது எளிதோ, அங்கே" என்பதே பலரது விடையாக இருக்கிறது. அந்த விடை போதுமா என்பதைத்தான் இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

இலவசமாகக் கிடைத்த இடங்களின் கதையைச் சற்றே பார்ப்போம். 1994 இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி வலைப்பக்கம் அமைத்துக்கொள்ள இடம் தந்தது. தொடக்ககாலத் தமிழ் இணையப் பக்கங்கள் பலவும் அங்கேதான் குடியிருந்தன. 1999 இல் அதனை விலைக்கு வாங்கிய யாஹூ நிறுவனம், 2009 அக்டோபரில் மூடிவிட்டது. அதே நிறுவனத்தின் யாஹூ குழுமங்களில்தான் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ் இலக்கியக் குழுக்கள் ஆண்டுக்கணக்கில் எழுதிக் குவித்தன. அந்தச் சேவையும் 2020 டிசம்பரில் முற்றிலுமாக முடிவுக்கு வந்தது. எழுதியவர்கள் மீது குற்றமில்லை. வீட்டுக்காரர் வீட்டை இடித்தார், குடியிருந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. உரிய காலத்தில் படியெடுத்து வைத்தவர்களின் எழுத்து தப்பியது.

இவ்வேளையில் நமது செஞ்சிக் கோட்டைக்குள் இருக்கும் சதத்துல்லா கான் பள்ளிவாசலை நினைத்துப் பாருங்கள். அது 1717-18 இல் எழுப்பப்பட்டது என்பதை அங்குள்ள பாரசீகக் கல்வெட்டு முந்நூறு ஆண்டுகள் கடந்தும் அறிவிக்கிறது. கல்லின் உறுதி ஒரு காரணம். எழுத்தைப் பொறித்தவர்கள் அதனை இரவல் சுவரில் பொறிக்கவில்லை என்பது மற்றொரு காரணம். ஆயினும் அந்தப் பாரசீக எழுத்தை இன்று நம்மில் எத்தனை பேரால் படிக்க இயலும்? ஆகவே எழுத்து நிலைத்தால் மட்டும் போதாது, அடுத்த தலைமுறை படிக்கும்படியாகவும் இருக்க வேண்டும்.

இந்த இரண்டையும் மனத்திற்கொண்டு, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் ஐந்து கேள்விகளைக் கேட்போம்.

முதலாவது, முகவரி யாருடையது? இணையத்தில் முகவரி வேறு, வீடு வேறு. ஆண்டுக் கட்டணம் செலுத்தி நமக்கென ஒரு முகவரியைப் பதிவு செய்துகொண்டால், நாளை வீட்டை மாற்றினாலும் தேடி வருபவர்கள் அதே முகவரியில் நம்மைக் காண்பார்கள். கட்டணம் தவறினால் அந்த முகவரியை வேறொருவர் எடுத்துக்கொள்ளக்கூடும். எனவே மின் கட்டணத்தைப் போல அதையும் கணக்குப் புத்தகத்தில் நிரந்தரச் செலவாக எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது, சாவி யாரிடம்? வக்ஃபு நிலத்தின் பட்டா ஒரு முத்தவல்லியின் சொந்தப் பெயரில் இருப்பதற்கு நாம் சம்மதிப்போமா? இதுவும் அத்தகைய அமானிதமே. ஓர் இளைஞரின் சொந்த மின்னஞ்சலில் தொடங்கிவிட்டு, அவர் வேலைக்காக வளைகுடா நாட்டுக்குச் சென்றபின் கடவுச்சொல்லைத் தேடி அலையக் கூடாது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் விதியை கூகுள் நிறுவனம் 2023 டிசம்பர் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்துள்ளது. ஆகவே கணக்கு ஜமாஅத்தின் பெயரில் இருக்கட்டும்; பொறுப்பாளர் மாறும்போது சாவியும் முறைப்படி கைமாறட்டும்.

மூன்றாவது, வெளியேறும் வழி உண்டா? நாம் எழுதியவற்றை மொத்தமாக இறக்கி எடுத்துச் செல்லும் வசதி பிளாக்கர், வேர்ட்பிரஸ் இரண்டிலும் இருக்கிறது. பிளாக்கரில் நமது சொந்த முகவரியைக் கட்டணமின்றி இணைக்கலாம். வேர்ட்பிரஸ் டாட் காம் அதற்குக் கட்டணத் திட்டம் கேட்கிறது. முகநூலும் வாட்ஸ்அப்பும் செய்தியைப் பரப்ப உதவும். ஆனால் ஐந்தாண்டுக்கு முந்தைய ஓர் அறிக்கையைத் தேடி எடுக்கும் அலமாரியாக அவை ஆகமாட்டா.

நான்காவது, பின்னாளில் படிக்க முடியுமா? ஒரு காலத்தில் தனித்தனி எழுத்துருக்களில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்களாகவே தெரிகின்றன. ஒருங்குறியை நமது மாநில அரசும் 2010 இல் ஏற்றுக்கொண்டது. நமது பழைய மலர்களையும் ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரே ஏற்ற வேண்டும்.

ஐந்தாவது, மற்றொரு படி எங்கே? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறு படியில்லாத ஏடுகளும் அவற்றோடு அழிந்தன. 2005 இல் தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறது. அந்தப் பேரிழப்பின் பாடம் நமக்கும் உரியது. இணையத்தில் ஒரு படி, பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு படி, அச்சில் ஒரு படி என்று மூன்று இடங்களில் இருக்கட்டும்.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்கிறோம். நிகாஹ் பதிவேடு, உதவி பெறுவோர் பட்டியல், குடும்பத் தகராறுகளின் தீர்ப்புகள் ஆகியவை எந்த இடத்திலும் ஏற்றத் தக்கவை அல்ல. இணையத்தில் ஒருமுறை வெளியானதை முழுமையாகத் திரும்பப் பெறுவது அரிது. ஏழையின் மானம் நமது விளம்பரத்தைவிட விலை உயர்ந்தது.

ஆகவே அன்பர்களே, முகவரியைச் சொந்தமாக வைத்துக்கொள்வோம். வீட்டை வாடகைக்கு எடுத்தாலும் குற்றமில்லை, வாசற்கதவு நமக்குத் திறந்திருந்தால் போதும். இளைஞர்கள் தொடங்கட்டும், பெரியவர்கள் நினைவில் உள்ளதைச் சொல்லி எழுதச் செய்யட்டும், நிர்வாகம் பொறுப்பேற்கட்டும். நமக்குப் பின் வருவோர் நம்மை அறிந்துகொள்ளும் நல்லதொரு பதிவை விட்டுச் செல்ல வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.