ஒரு துணைவினையும் மூன்று வகுப்பறைகளும்



‘பேராசிரியர்’ என்பது ஒரே சொல். ஆனால் அது குறிக்கும் பணி நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடுகிறது. சிங்கப்பூரில் தமிழ் பயிற்றுவிக்கப்படும் மூன்று உயர்கல்விக் கூடங்களைக் கொண்டு இதனை விளக்க விழைகிறேன்.

சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் ஓர் ஆய்வுப் பல்கலைக்கழகம். தமிழே அறியாத மாணவரும் அங்கு அரிச்சுவடியிலிருந்து தமிழ் கற்கின்றனர். 1991 முதல் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் தேசியக் கல்விக் கழகம், பள்ளிகளுக்கு வேண்டிய ஆசிரியர்களை உருவாக்குகிறது. சிங்கப்பூர்ச் சமூக அறிவியல் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பட்டக் கல்வி, பகலில் பணிபுரிவோரும் மாலையில் பயில வழிசெய்கிறது.

‘வந்துகொண்டிருக்கிறார்’ என்பது பேச்சில் ‘வந்துக்கிட்டு இருக்காங்க’ என்றாகிறது. ஆய்வாளருக்கு இது துணைவினையின் வரலாறு. ஒரு கட்டுரைக்குரிய பொருள். சரளமாகப் பேசியும் எழுத அஞ்சும் முதியோர் மாணவருக்குக் கற்பிப்பவருக்கோ, இது அவ்வச்சத்தைப் போக்கும் வழி. ஆசிரியரைப் பயிற்றுவிப்பவருக்கு இது எத்தகையது என்பதை நான் ஒரு தொடக்கப்பள்ளியில் அறிந்தேன்.

பயிற்சி ஆசிரியை ஒருவரின் பாடத்தைப் பார்வையிட வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தேன். “அம்மா வந்துக்கிட்டு இருக்காங்க” என்றாள் ஒரு சிறுமி. “வந்துகொண்டிருக்கிறார் என்று சொல்ல வேண்டும்” எனத் திருத்தினார் ஆசிரியை. பாடம் முடியும்வரை அச்சிறுமி வாய் திறக்கவில்லை. அதே துணைவினையைப் பற்றி முன்னரே கட்டுரை எழுதியவன் நான். அந்த மௌனத்திற்கு என் கட்டுரையில் விடையில்லை. ஆசிரியையைக் குறைகூறவும் இயலாது. எழுத்துத் தமிழே தமிழ் என்று அவருக்குக் கற்பித்தவர்கள் நாங்கள்தாம்.

2005ஆம் ஆண்டின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வு, பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வலியுறுத்தியது. அதன் தேவை இன்று மிகுந்துள்ளது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஐந்தும் அதற்கு மேலும் வயதுடைய குடியிருப்பாளருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 2.5 விழுக்காட்டினரே. பத்தாண்டுகட்கு முன் இது 3 விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. வீட்டுத் தமிழோடு வகுப்பிற்கு வரும் குழந்தையின் வாயை நாம் அடைத்துவிடலாகாது.

கட்டுரைகளை எண்ணுவது எளிது. கடைசி வரிசையில் அமர்ந்து கழித்த காலையையும், இரவு பத்து மணிக்குத் திருத்திய ஒப்படைப்பையும் எவரும் எண்ணுவதில்லை. நான் ஆய்வைக் குறைத்து மதிப்பிடவில்லை; ஆய்வில்லையேல் பயிற்சி வெறும் பழக்கமாகிவிடும். ஆனால் வகுப்பறையில் எழும் வினா ஆய்வாளரைச் சென்றடைய வேண்டும். அவர் காணும் விடை தமிழிலேயே எழுதப்பெற்று, ஆசிரியர் கைக்குத் திரும்பி வரவேண்டும். மூன்று கூடங்களின் பேராசிரியர்களும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஒரே பள்ளி வகுப்பறையில் அமர்ந்தால், இதற்கான தொடக்கம் அமையும்.

அச்சிறுமி மீண்டும் பேசினாளா என்பதே நம் பணிக்கான அளவுகோல்.