அந்த ஒரு வெள்ளி



நூலகத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரு வெள்ளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி களத்தில் இறங்கினார். துறையில் தமிழுக்கு இடம் வேண்டும். இடம் கிடைத்தால் போதுமா, தமிழ் நூல்கள் வேண்டாமா? 'தமிழ் எங்கள் உயிர்' என்று ஒரு நிதியைத் தொடங்கினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. 1956இல் துறை பிறந்தது.

அந்த வெள்ளியைக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பிரட்டில் நின்று பேர் கொடுத்து, ரப்பர் மரம் சீவி, மங்கில் சொட்டிய பாலை வாளி வாளியாகச் சுமந்து சம்பாதித்த கூலியும் அதில் இருக்கிறது. அதைக் கொடுத்த மனுஷி அந்த நூலகத்தின் படியில் கால் வைத்திருப்பாளா? அநேகமாக இல்லை. தான் படிக்கப் போகாத புத்தகத்துக்குக் காசு கொடுத்தவர்கள் நம் பாட்டிமார்.

அந்தப் பாட்டிமார் உழைத்த தோட்டங்களுக்கு வருவோம். 1912ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்கச் சொன்னது. படிப்பகம் வை என்று தோட்டத்துத் துரையிடம் யாரும் சொல்லவில்லை. அது நாமே வைத்துக்கொண்டது. பள்ளி வாத்தியார், ஒரு கிராணி, தமிழ் இளைஞர் மணிமன்றத்துப் பையன்கள் நாலு பேர், கதவு சரியாகச் சாத்தாத ஓர் அலமாரி. எங்கள் தோட்டத்திலும் அப்படித்தான். பத்திரிகை ஒன்றுதான் வரும்; ஒருவர் உரக்கப் படிப்பார், லயமே கேட்கும். என் தாத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் தலையங்கத்தைப் பற்றிச் சண்டை போடுவார்!

பிறகு தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோயின. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, வீட்டுமனை வந்தது. நாம் அடுக்குமாடிக்கு வந்தோம். வரும்போது முனியாண்டிக்கு இடம் தேடினோம், மாரியம்மனைக் கொண்டுவந்தோம். பள்ளிகளுக்காக அலைந்தோம், மனு எழுதினோம். பேராக்கில் இன்றும் 130க்கு மேல் தமிழ்ப்பள்ளிகள் நிற்கின்றன. அந்த அலமாரியை மட்டும் யாரும் லாரியில் ஏற்றவில்லை.

ஈப்போவில் நூலகம் இல்லையா? மாநகர் மன்றத்தின் துன் ரசாக் நூலகம் இருக்கிறது. நூலகம் என்பதை மலாயில் பெர்புஸ்தகாஆன் என்று பலகையில் படிக்கிறோமே, அதற்குள் 'புஸ்தக' என்று உட்கார்ந்திருப்பதும் நம் 'புத்தகம்' என்ற சொல்லும் ஒரே வேர்தான். வாசலிலேயே உறவு வைத்திருக்கிறார்கள். நாம்தான் விருந்தாளியாகக்கூடப் போவதில்லை. நம்மில் பலர் அந்தப் பக்கம் போவது பிள்ளைக்குத் தேர்வு நெருங்கும்போதுதான். குளிர்சாதனம் இருக்கிறது, மேசை இருக்கிறது, பாடநூலை நாமே கொண்டுபோகிறோம். அங்கிருக்கும் புத்தகத்தைத் தொடுவதே இல்லை.

நூலகத்துக்குக் காது கிடையாது, கணக்குத்தான் உண்டு. இரவல் போகாத நூலுக்குப் பக்கத்தில் இன்னொரு நூல் வாங்கி வைக்க எந்த அதிகாரியால் காரணம் எழுத முடியும்? தமிழ்ப் புத்தகம் இல்லை என்று மேடையில் நான் முழங்கினால் கைதட்டுவீர்கள். முகப்பில் போய்க் கேட்டால், கேட்டது பதிவாகும். எனக்குக் கைதட்டல் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் பதிவு வேண்டும்.

செம்பனைக் காட்டுக்குள் இன்னும் இருக்கும் குடும்பங்கள் ஈப்போவுக்கு எப்படி வரும் என்று கேட்பீர்கள். 1931இல் தமிழ்நாட்டு மன்னார்குடியில் மாட்டு வண்டியில் நூலகம் கட்டி ஊர் ஊராக ஓட்டினார்கள். கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர், நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதனின் எண்ணத்தை வண்டியில் ஏற்றினார். மாடு இழுத்த காலத்திலேயே புத்தகம் கிராமத்துக்குப் போயிருக்கிறது. நம்மிடம் வேன் இருக்கிறது. கோயில் திருவிழாவுக்கு எத்தனை வேன் பிடிக்கிறோம்! மாதம் ஒரு ஞாயிறு, ஒரே ஒரு வேன், ஒரு பெட்டிப் புத்தகம், கதை சொல்லத் தெரிந்த ஓர் அக்கா. தொடங்க இவ்வளவு போதும்.

வருகிற சனிக்கிழமை காலை துன் ரசாக் நூலக வாசலில் நான் நிற்பேன். ஐ.சி.யை எடுத்துக்கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள். முதலில் உறுப்பினராவோம். பிறகு தமிழ் அடுக்கு எங்கே என்று கேட்போம். ஒருவர் கேட்டால் விசாரணை, ஐம்பது பேர் கேட்டால் வேறு கதை. வேன் யார் தருவது என்று அங்கேயே, படிக்கட்டில் உட்கார்ந்து பேசுவோம். வெயிலுக்கு முன் வந்துவிடுங்கள்.