மாணவரே ஆசிரியராகும் வகுப்பு
(அறக்கட்டளையின் கல்வி வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)

 

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் நம் பிள்ளைகள் பலர் பி.சி.ஏ., பி.இ. என்று கம்ப்யூட்டர் படிப்பில் சேர்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இறுதியாண்டு ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிச் சமர்ப்பிக்கும் பழக்கமும் நம் ஊரில் இருக்கிறது. அத்தா கடன்பட்டுக் கட்டிய ஃபீஸில் படித்த பிள்ளை, இன்டர்வியூவில் "இதில் நீ எழுதியது எது?" என்று கேட்டால் தலைகுனிந்து நிற்கிறது. இதற்கு என்ன வழி?

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜனவரி மாதந்தோறும் 'வெப் லேப்' என்றொரு வகுப்பு நடக்கிறது. பாடம் நடத்துபவர்கள் அங்கு படிக்கும் மாணவர்களே. ப்ரோகிராமிங் தெரியாதவர்களும் சேரலாம். சிறு குழுவாகச் சேர்ந்து, அந்த ஒரு மாதத்துக்குள் ஒரு வெப் அப்ளிகேஷனைத் தாங்களே உருவாக்க வேண்டும். கடைசியில் போட்டியும் பரிசும் உண்டு.

இந்த முறை நமக்குப் புதிதல்ல. பத்ருப் போரில் பிடிபட்ட, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள் மதீனாவின் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் கற்றுக் கொடுத்தால் அதுவே மீட்புத் தொகை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்றுக்கொண்டதை வரலாற்று நூல்களில் காண்கிறோம். நம் அரபி மதரஸாக்களில் தக்ரார் உண்டு; ஒரு மாணவர் பாடத்தைத் திரும்பச் சொல்ல, மற்றவர்கள் கேட்டுத் தெளிவார்கள். 1789-இல் எழும்பூர் அநாதைப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைக் கண்டு, மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்து வரை பரவியது. போன வருடம் தான் தடுமாறிய இடம் மூத்த மாணவருக்கு நன்றாக நினைவிருக்கும். அந்த இடத்தில் அவர் நிதானமாகச் சொல்லிக் கொடுப்பார்.

ஆகவே நாம் ஒன்று செய்வோம். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள், மூவர் கொண்ட குழுக்கள், மாணவியருக்குத் தனி நேரம். செய்யும் வேலை நம் மஹல்லாவுக்கே பயன்படட்டும். உதாரணமாக, ஜகாத் விண்ணப்பப் பதிவு. விண்ணப்பம் நிரப்பும் பக்கத்தை ஹெச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் கொண்டு ஒருவர் எழுதலாம். அதை வாங்கிச் சரிபார்க்கும் சர்வர் பகுதியை இன்னொருவரும், விவரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸை மூன்றாமவரும் கவனிக்கலாம். பழகும்போது கற்பனைப் பெயர்களே போதும். உண்மையான குடும்பங்களின் விவரம் வேண்டாம்.

ஏனென்றால் உதவி கேட்டவர் யார் என்பது பிறர் கண்ணில் படக்கூடாது. லாகின் எதற்கு, பாஸ்வேர்டை அப்படியே சேமிக்கக் கூடாது என்பது ஏன், யாருக்கு எதைப் பார்க்கும் அனுமதி உண்டு என்பதெல்லாம் அப்போது வெறும் பரீட்சைக் கேள்வியாக இருக்காது. ஒரு விதவைத் தாயின் மானம் அதில் இருக்கிறது. அது அமானிதம் என்று நம் பிள்ளைகள் விளங்கிக்கொள்வார்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி, தங்கைகளிடம் நாம் கேட்பது வாரம் இரண்டு மணி நேரம். பெற்றோர்களிடம் கேட்பது, பெண் பிள்ளைகளையும் தயங்காமல் அனுப்புங்கள் என்பதே. கற்றதைக் கொடுப்பதும் ஸதகாதான். அல்லாஹ் நம் முயற்சியில் பரக்கத் செய்வானாக, ஆமீன். வஸ்ஸலாம்.