செக்ரோலில் பெயர் இல்லாத அக்காமார்

(தோட்டக் கிளை மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பாடசாலையில் முதலாம் ஆண்டுக்குப் பிள்ளையைச் சேர்க்கும்போது நாங்கள் ஒரு படிவம் நிரப்புகிறோம். தாயின் தொழில் என்னவென்று கேட்டால், "சும்மாதான் டீச்சர், வீட்டுல" என்று பதில் வரும். நாங்களும் அப்படியே எழுதிவிடுவோம். அந்த அக்கா காலையில் கைக்காசுக்குக் கொழுந்து பறிப்பார். பகலில் யாருடைய மரக்கறித் தோட்டத்திலாவது புல் பிடுங்குவார். பொழுதுசாய வடை சுட்டு விற்பார். மூன்று தொழில் செய்பவருக்கு எங்கள் கையெழுத்தில் 'தொழில் இல்லை'!

சங்கத்திலும் நாம் இதே பிழையைத்தான் செய்கிறோம். சந்தாவைச் செக்ரோலில் பிடிக்கிறார்கள். செக்ரோலை விட்டவரிடம் சந்தா இல்லை. சந்தா இல்லாதவர் அங்கத்தவர் இல்லை. கைக்காசுக்காரரும் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனவரும் இப்படித்தான் நம் புத்தகத்திலிருந்து கழன்று போனார்கள்.

இந்தியாவில் அகமதாபாத் என்ற ஆலை நகரம் இருக்கிறது. அங்கே துணித் தொழிலாளர் சங்கத்தின் மகளிர் பிரிவில் இருந்தவர் எலா பட். தலையில் துணி மூட்டை சுமந்தவர்கள், பழைய துணி விற்றவர்கள், மரக்கறி விற்றவர்கள் எல்லோரையும் சேர்த்து, 1972இல் 'சேவா' என்று சங்கம் பதியப் போனார். முதலாளி இல்லாதவர்களுக்குச் சங்கம் எதற்கு என்று அதிகாரிகள் மறுத்தார்கள். சங்கம் ஒருவரை எதிர்ப்பதற்கு மட்டுமா, தொழிலாளர் ஒன்றுசேரவும்தானே என்று வாதாடி, அந்த வருடமே பதிந்தார்கள். 1974இல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டுச் சொந்த வங்கியே தொடங்கினார்கள்.

தோட்டத்தில் கைக்காசுக்குப் பறிக்கும் அக்காமாருக்கோ முதலாளி இருக்கிறார். அதே மலை, அதே தராசு. ஊழியர் சேமலாப நிதி நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும் உரியதல்ல. தற்காலிகமாக வேலை செய்தாலும், கிலோக் கணக்கில் காசு வாங்கினாலும் உரித்து உண்டு. தொழில்தருநர் 12 வீதம், தொழிலாளி 8 வீதம் கட்டவேண்டும். நம்பிக்கை நிதிக்குத் தொழில்தருநர் இன்னும் 3 வீதம். "கைக்காசுக்கு அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிச் சொல்லி, நம் தலைவர்மாரும் அதையே நம்பிவிட்டார்கள்.

கொழும்பில் வீட்டு வேலை செய்யும் பிள்ளைகளின் பிரச்சினை இதைவிடச் சிக்கல். அதைத் தனியாகப் பேசுவோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை லயம் லயமாக வருகிறோம். புதுக் கொப்பி ஒன்று வாங்கியிருக்கிறோம். அதில் செக்ரோல் இலக்கம் கேட்கும் இடமே இல்லை. சந்தாவைக் கையில் தந்தால் போதும். கொழுந்து நிறுத்துத் தந்த துண்டுகளை அடுப்பில் போட்டுவிடாதீர்கள், எடுத்து வையுங்கள். தொழில் காரியாலயத்துக்குப் போகும்போது அவை வேண்டும்.